ஒருநாள் வேலைநிறுத்தத்துக்குப் போனால் சம்பளம் மட்டும்தான் போகுமா?

முதல்பெஞ்ச்
போன வருஷம்தான் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. எங்கள் சங்கம் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறது. கோரிக்கை என் சம்பளத்தைப் பற்றியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் பள்ளியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "ஒருநாள் சம்பளம் பிடிப்பாங்க, அவ்வளவுதான்" என்கிறார் தலைமை ஆசிரியர். "புரபேஷன்ல இருக்கே, 17(பி) கொடுத்தா வேலையே போச்சு" என்கிறார் பக்கத்து வகுப்பு அக்கா. 17(பி) என்பது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணையாம். சி.எல். (தற்செயல் விடுப்பு) எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது என்று இன்னொருவர். இதில் எது சரி?

பில்_கிளார்க்
வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டே ஓய்வு பெற்றவன் நான். அதனால் பணக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

அந்த மாதத்துக்கு எத்தனை நாளோ, அதில் ஒரு பங்கு போகும். அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் இல்லை, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். 20,600 அடிப்படையில் சேர்ந்தவர் என்றால் ஆயிரத்து நூறு ரூபாய் பக்கம் வரும். வேலைநிறுத்தம் பல நாள் நீண்டு, நடுவில் சனி, ஞாயிறு வந்தால் அந்த நாட்களும் சேர்ந்தே போகும். முன்னும் பின்னும் அனுமதியில்லாமல் வராதவருக்கு நடுவில் விடுமுறை என்று தனியாக எண்ண மாட்டார்கள்.

சி.எல். கதை ஓடாது டீச்சர். ஒவ்வொரு முறையும் வேலைநிறுத்தத்துக்கு முன்னாலேயே மேலிருந்து சுற்றறிக்கை வந்துவிடும். அன்றைக்கு உண்மையான மருத்துவக் காரணம் தவிர விடுப்பு தரக்கூடாது, வந்தவர், வராதவர் பட்டியலைக் காலையிலேயே அனுப்பு என்று இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் சி.எல். போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். நீங்கள் கொடுத்த கடிதத்தை நிராகரித்து "அனுமதியின்றி வராதவர்" பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

அப்புறம் யாரும் பேசாத ஒன்று உண்டு. சம்பளமில்லாத அந்த நாள் பணிக்காலத்தில் சேராது. தகுதிகாண் பருவம் என்பது தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகள் பணியில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. ஒருநாள் குறைந்தால் முடியும் தேதி ஒருநாள் தள்ளும், பெரிய விஷயமில்லை. ஆனால் ஊதிய உயர்வைப் பாருங்கள். நம்மிடம் காலாண்டு முறை: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. உங்கள் ஓராண்டு எந்தக் காலாண்டில் முடிகிறதோ அதன் முதல் தேதியில் உயர்வு. காலாண்டின் கடைசி நாளில் ஓராண்டு முடிகிறவருக்கு ஒருநாள் தள்ளினால் அடுத்த காலாண்டுக்குப் போய்விடும். மூன்று மாத உயர்வு போச்சு. அதனால் முதலில் பணியில் சேர்ந்த தேதியைப் பாருங்கள்.

செங்கொடி
பில் கிளார்க் ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் நம் ஊரில் ஒரு ஊதியக் குழுவும் வந்திருக்காது தோழர். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்களாக ஆக்கினார்கள். அதற்கு முன்னால் அவர்கள் பட்ட பாட்டை மூத்தவர்களிடம் கேளுங்கள். அதெல்லாம் தானாகக் கிடைத்ததா?

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ ஜனவரி 22 முதல் 30 வரை வேலைநிறுத்தம் செய்தது. 17(பி) கொடுத்தார்கள், கைது செய்தார்கள், தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள், நம் இடத்துக்கு 10,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆள் எடுப்போம் என்றார்கள். முடிவில் என்ன ஆனது? 2021 பிப்ரவரியில் அதே முதலமைச்சர் பழனிசாமியே நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அறிவித்தார். ஆட்சி மாறிய பிறகு வேலைநிறுத்தக் காலத்தையும் பணிநீக்கக் காலத்தையும் பணிக்காலமாக முறைப்படுத்தினார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. கலந்துகொள்ளுங்கள்.

பழைய_ஹெச்எம்
தோழர், 2019 ஜனவரிக்கும் 2021-க்கும் நடுவில் இரண்டு வருஷம் இருக்கிறது. அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

அந்த இரண்டு வருஷத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. 17(பி) நிலுவையில் இருந்தவர்களின் பெயர் ஒத்திவைக்கப்பட்டது. இளையவர்கள் மேலே போனார்கள். ஓய்வு வயதை எட்டியவர்களுக்குக் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்ததால் பணப்பலன்கள் முழுதாகக் கைக்கு வரவில்லை. மகள் கல்யாணத்தைப் பணிக்கொடையை நம்பி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பின்னால் "பணிக்காலம்" என்று அரசாணை போட்டால் சம்பளப் பாக்கி வரும். அவர் அதற்குள் வாங்கிய வட்டிக் கடனை யார் கட்டுவது?

2003-ஐப் பார்க்காத தலைமுறை இது, அதனால் சொல்கிறேன். ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து ஜூலை 2 அன்று ஆரம்பித்தோம். 4-ஆம் தேதி டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. விளக்கம் கேட்கவில்லை, விசாரணை இல்லை. 1,70,000 பேருக்கு மேல் ஒரே மூச்சில் வேலைநீக்கம். தற்காலிகப் பணிநீக்கம் இல்லை, நிஜமாகவே வேலைநீக்கம். வீட்டுக்கு போலீஸ் வரும் என்று தோப்பில் படுத்தவர்கள் உண்டு. உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போய், நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தம் கூடாது என்னும் அரசு ஊழியர் நடத்தை விதி 22-க்கு இனிக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானவர்கள் திரும்ப உள்ளே போனோம். கைதானவர்களும் வழக்குப் பதிவானவர்களும் அதிலும் சேரவில்லை. ஆறாயிரத்துச் சொச்சம் பேரின் கதையை ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் பார்ப்பார்கள் என்று விட்டார்கள்.

நான் போராட்டத்துக்கு எதிரி இல்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன். "பயப்பட ஒன்றும் இல்லை" என்று புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

செங்கொடி
ஐயா, அந்த 2003-க்குப் பதில் 2004-ல் கிடைத்தது. மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு இடம்கூட இல்லாமல் ஆளுங்கட்சி தோற்றது. தேர்தல் முடிந்த கையோடு ஜெயலலிதாவே நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றார்.

பழைய_ஹெச்எம்
ஆமாம். நான் சொல்வதும் அதுதான். சட்டம் காப்பாற்றவில்லை, தேர்தல் காப்பாற்றியது. தேர்தல் பக்கத்தில் இல்லாத வருஷத்தில் என்ன செய்வீர்கள்?

கோர்ட்_வாசல்
பணி வழக்குகள் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உரிமை. சங்கம் வைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அதற்குள் அடங்காது என்று 1961-லேயே வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், ஆர்ப்பாட்டத்தை முழுக்கத் தடை செய்யும் விதி செல்லாது, வேலைநிறுத்தத் தடை செல்லும் என்றார்கள். இந்தக் கோடு இன்றுவரை மாறவில்லை. பள்ளி முடிந்து மாலையில் கோஷம் போட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பள்ளி நேரத்தில் வராமல் இருந்தால் இல்லை. 2003 வேலைநீக்கத்தை எதிர்த்து நடந்த ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமைகூட இல்லை என்றது. "தார்மீக" என்ற இடத்தில் நீதிமன்றம் தேவைக்கு மேல் பேசிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஆனால் என் அபிப்பிராயத்தை வைத்து உங்கள் வழக்கை ஜெயிக்க முடியாது.

அடுத்தது சம்பளம். 1990-ல் பேங்க் ஆஃப் இந்தியா, கேலாவாலா வழக்கு. ஊழியர்கள் நான்கு மணி நேரம்தான் வேலைநிறுத்தம் செய்தார்கள். வங்கி முழுநாள் சம்பளத்தைப் பிடித்தது. செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆக, காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் போராட்டத்துக்குப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1994-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வேலைநிறுத்தம் சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருந்தால் மட்டுமே அந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்கலாம் என்றது. நடத்தை விதி 22 தடை செய்திருக்கும்போது அரசு ஆசிரியர் முதல் படியிலேயே தவறிவிடுகிறார்.

இனி வேலை. இங்கே நீங்கள் அவ்வளவு பலவீனமாக இல்லை. 17(ஏ), 17(பி) இரண்டும் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் வருபவை. 17(ஏ) சிறு தண்டனைக்கு: கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்திவைப்பது போன்றவை. 17(பி) பெரிய தண்டனைக்கான வழி. முழு விசாரணை நடத்தியாக வேண்டும். குறிப்பாணை கையில் வந்தாலே வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது ஒரு நடைமுறையின் ஆரம்பம்.

தகுதிகாண் பருவம் பற்றிக் கேட்டீர்கள். "திருப்தியில்லை" என்று ஒரு வரி எழுதி விடுவிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அதற்கு உண்மையான அடிப்படை நீங்கள் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டது என்றால், அது தண்டனை. தண்டனை என்றால் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவுப்படி விசாரணை வேண்டும். 1974-ல் ஷம்ஷேர் சிங் வழக்கு இதைத்தான் சொல்கிறது. அந்த வழக்கில் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்கள் நீதித்துறை அதிகாரிகள் என்பது வேடிக்கை. நடைமுறையில் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தத்துக்கு அரசு இவ்வளவு தூரம் போவதில்லை. சம்பளப் பிடித்தத்தோடு முடிவதே வழக்கம். பல நாள் நீளும்போதும் மறியல், கைது என்று ஆகும்போதும்தான் நிலைமை மாறும்.

கைது விஷயத்தில் மட்டும் கவனம். மண்டபத்தில் வைத்துவிட்டு மாலையில் விட்டால் வேறு. சிறைக்கு அனுப்பி 48 மணி நேரத்தைத் தாண்டினால் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவீர்கள். அந்தக் காலத்தில் பிழைப்பூதியம்தான், ஆரம்பத்தில் அரைச் சம்பளமும் அதற்குரிய அகவிலைப்படியும்.

ரெண்டு_பிள்ளை_அப்பா
ஆசிரியர்கள் மட்டுமே பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். 2019-ல் செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தது. உங்களுக்கு ஒருநாள் சம்பளம் போகிறது, பிள்ளைக்குப் போன நாளுக்கு அரசாணை உண்டா?

செங்கொடி
நியாயமான கேள்வி. ஆனால் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாமல் கிடக்கும் நாட்களை நீங்கள் எண்ணுவதில்லையே. 2019 கோரிக்கைகளில் பள்ளிகளை மூடாதே, இணைக்காதே என்பதும் இருந்தது. அது எங்கள் சம்பளம் இல்லை.

ரெண்டு_பிள்ளை_அப்பா
அது முதல் கோரிக்கையாக இல்லையே. முதலாவது பென்ஷன்தான். சரி, விடுங்கள். உங்கள் பேச்சைத் திசை திருப்ப வரவில்லை.

சாக்பீஸ்
நான் தனியார் மெட்ரிக் பள்ளி. எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா? மூன்று மாதமாகச் சம்பளம் பாதிதான் வருகிறது. எல்லோரும் சேர்ந்து ஒருநாள் வகுப்புக்குப் போகாமல் இருக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளி பெயர் சொல்ல முடியாது.

கோர்ட்_வாசல்
அவசரப்படாதீர்கள். உங்கள் நிலைமை இவர்களைவிடச் சிக்கல்.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நோட்டீஸ் கொடுத்து வேலைநிறுத்தம் செய்ய ஒரு சட்ட வழி உண்டு. ஆசிரியர் அந்தச் சட்டத்தில் "தொழிலாளி" இல்லை என்று 1988-ல் சுந்தரம்பாள் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை, வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர். கல்வி கற்பிப்பது உன்னதமான பணி, அதனால் அவர் தொழிலாளி இல்லை என்றார்கள். உன்னதமாக இருந்த குற்றத்துக்கு அவருக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு மூடியது! ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்யலாமே என்று அரசுகளுக்கு யோசனையும் சொன்னது நீதிமன்றம். பணிக்கொடை மட்டும் 2009 திருத்தத்தால் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குக் கிடைத்தது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இருந்த நல்ல பாதுகாப்பு 1973-ன் தனியார் பள்ளிகள் சட்டத்தில் 22-ஆவது பிரிவு. கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்கக்கூடாது. இப்போது 2018 சட்டம் வந்திருக்கிறது, உங்கள் பள்ளி எந்த வகை என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் எதற்கும் நியமன உத்தரவு வேண்டும். இருக்கிறதா?

சாக்பீஸ்
இல்லை. சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உத்தரவு என்று எதுவும் தரவில்லை.

கோர்ட்_வாசல்
அப்படியென்றால் வகுப்பைப் புறக்கணிக்கும் முன்னால் சம்பளம் வங்கியில் வந்த விவரம், வருகைப் பதிவின் படம், பள்ளி அனுப்பிய வாட்ஸ்அப் அறிவிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சம்பளப் பாக்கியை எல்லோரும் கையெழுத்திட்டு எழுத்தில் கேளுங்கள், நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். இதில் வேலைநிறுத்தம் எதுவும் இல்லை, உங்கள் மீது குற்றம் சாட்ட வழியும் இல்லை. சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டுத் தனியாக இன்னொரு கடிதம் கொடுங்கள்.

அரைநாள்_ஆசிரியர்
நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் 17(பி) பற்றிப் பேசுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. நாங்கள் பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள். 2012-ல் 16,549 பேரை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மே மாதம் சம்பளம் கிடையாது என்றுதான் எடுத்தார்கள். எங்களுக்குக் குறிப்பாணை எல்லாம் எதற்கு? "இனி வர வேண்டாம்" என்று வாயால் சொன்னால் போதும். இத்தனை வருஷம் நாங்கள் போராடியதே மே மாதத்திலும் விடுமுறை நாளிலும்தான். பிடிப்பதற்குச் சம்பளமே இல்லாத நாள் அது.

தேம்ஸ்கரை
லண்டனில் கணக்கு ஆசிரியர். இங்கே நடைமுறை வேறு மாதிரி. 2023-ல் எங்கள் சங்கம் பல நாள் வேலைநிறுத்தம் செய்தது, நானும் போனேன். முறைப்படி வாக்கெடுப்பு நடத்தி, நோட்டீஸ் கொடுத்துச் செய்யும் வேலைநிறுத்தத்துக்காக ஒருவரை வேலையை விட்டு எடுத்தால் அது நியாயமற்ற பணிநீக்கம். குற்றச்சாட்டு, மன்னிப்புக் கடிதம் எல்லாம் கிடையாது. சம்பளம் மட்டும் போகும், அந்த நாள் ஓய்வூதியக் கணக்கிலும் சேராது.

அந்தச் சம்பளத்தை எப்படிப் பிடிப்பது என்பதற்கே ஒரு வழக்கு இங்குள்ள உச்ச நீதிமன்றம் வரை போனது. வருஷச் சம்பளத்தை வேலைநாட்களான 260-ஆல் வகுத்துப் பிடித்தது ஒரு கல்லூரி. 365-ஆல் வகுக்க வேண்டும் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. ஆசிரியர் வேலை மாலையிலும் வார இறுதியிலும் நடக்கிறது என்ற வாதம் எடுபட்டது. வீட்டில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவது வேலைதான் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் உரிமை இருப்பதால் எல்லாமே கிடைத்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம், வீட்டு வாடகை கட்ட முடியாமல் பாதியில் நின்றவர்களும் உண்டு.

முதல்பெஞ்ச்
எல்லோருக்கும் நன்றி. பணியில் சேர்ந்த தேதியைப் பார்த்தேன், காலாண்டின் நடுவில் இருக்கிறது. அதனால் ஊதிய உயர்வு தள்ளாது என்று நினைக்கிறேன், சரியா பில் கிளார்க் சார்? 

செங்கொடி சாரிடம் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009 ஜூன் 1-க்கு முன்னால் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை 8,370, ஒருநாள் கழித்துச் சேர்ந்தவருக்கு 5,200 என்று வைத்தார்களே, அது இத்தனை வருஷத்தில், இத்தனை போராட்டத்தில் தீர்ந்ததா? எங்கள் தலைமுறையும் அந்த வித்தியாசத்தோடுதான் உள்ளே வந்திருக்கிறது.

பில்_கிளார்க்
ஒருநாள் மட்டும் என்றால் தள்ளாது டீச்சர்.

செங்கொடி
தீரவில்லை. மறைக்க என்ன இருக்கிறது. சென்னையில் பள்ளிக் கல்வி இயக்ககம் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் வருஷா வருஷம் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. ஆனால் ஓய்வூதியத்தைப் பாருங்கள். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷனே இல்லை என்று இருந்ததற்கு, 2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி என்று ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். ஜனவரி 6 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று தேதி குறித்திருந்தோம், அதற்கு மூன்று நாள் முன்னால் அறிவிப்பு வந்தது. அந்த வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை.

பழைய_ஹெச்எம்
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தோழர். அறிவிப்பே வேலை செய்கிறது, அதுவும் தேர்தல் வருஷத்தில். அறிவித்ததை நடத்த ஆள் இருக்கிறது என்று அரசு நம்பினால்தான் அது வேலை செய்யும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரை முன்னால் நிறுத்துவது? ஓய்வுக்கு ஆறு மாதம் இருப்பவரையும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவரையும் நிறுத்தாதீர்கள். எங்கள் காலத்தில் சங்கம் இதைக் கணக்குப் பார்க்கவில்லை. 17(பி) வந்தவர்களுக்கு வழக்குச் செலவு யார் தருவது என்றும் பேசவில்லை.

செங்கொடி
இப்போது பேசுகிறோம் ஐயா. எங்கள் மாவட்டத்தில் சட்ட உதவிக்குத் தனி நிதி வைத்திருக்கிறோம். டீச்சர், உங்கள் மாவட்டச் செயலாளரிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். சந்தா கட்டுகிறீர்கள், கேட்க உரிமை உண்டு.

முதல்பெஞ்ச்
கேட்கிறேன். கடைசியாக ஒன்று. ஒருவேளை விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தால் என்ன எழுதுவது? சங்கத்தில் அச்சடித்த கடிதம் ஒன்று தருவார்களாமே.

கோர்ட்_வாசல்
அச்சடித்த கடிதத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அதில் உங்களுக்குப் பொருந்தாத வரிகள் இருக்கும். குறிப்பாணை வாங்கும்போது தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், வாங்க மறுக்காதீர்கள். கொடுத்த கெடுவுக்குள் பதில் போக வேண்டும், அவகாசம் தேவையென்றால் அதையும் கெடு முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள். பதிலைச் சுருக்கமாக எழுதுங்கள். அன்று மாணவர்களுக்குப் பாதிப்பு வராமல் எந்தப் பாடத்தை எந்த நாளில் ஈடுசெய்தீர்கள் என்று சொல்ல முடிந்தால் நல்லது. அரசைத் திட்டவோ சங்கத்தைக் காட்டிக்கொடுக்கவோ வேண்டாம். உங்கள் பதிலின் நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள்.

பில்_கிளார்க்
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பணிப்பதிவேட்டைப் பார்க்கக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த ஒருநாளை "சம்பளமில்லா நாள்" என்று எழுதியிருக்கிறார்களா, "பணிமுறிவு" என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது மாதிரி இருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், ஓய்வு பெறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்தப் பதிவைப் போட்ட ஆள் அதற்குள் நான்கு அலுவலகம் மாறிப் போயிருப்பார்.